ஒரே அறையில் இரண்டு வீரர்கள்

தங்கச்சிமடத்தில் ஒரு தம்பி இருக்கிறான். என்னை மாமா என்று கூப்பிடுவான். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கிடக்க, என்னிடமிருந்து ஒரு கட்டு காமிக்ஸை வாங்கிக்கொண்டு போனான். ஒரு வாரம் கழித்துக் கேள்வியோடு வந்து நின்றான்.

"மாமா, ரிவர்டேல் ஊர்ப் பள்ளிக்கூடப் பையன் ஆர்ச்சியும், துப்பாக்கியோட குற்றவாளிகளை வேட்டையாடுற பனிஷரும் சந்திக்கிற கதையைப் படிச்சேன். பனிஷர் தேடி வர்ற குற்றவாளிக்கு அப்படியே ஆர்ச்சியோட மூஞ்சி. அது ஒண்ணை வச்சுத்தான் கதையே ஓடுது. சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் சந்திக்கிற கதையிலயும் ஆள் மாறாட்டம்தான். இவங்களுக்கு வேற வழியே தெரியாதா? தற்செயலை வச்சுக் கதை பண்றது ஏமாத்து வேலை இல்லையா? பாம்பனை வச்சு நானும் ஒரு கதை எழுதலாம்னு இருக்கேன், அதான் கேக்குறேன்."

நின்றபடியே பத்து நிமிடம் பேசினேன். அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

தம்பி, ஏமாற்று வேலை இல்லை. தற்செயல் ஒரு வம்பை இழுத்து விடலாம், அதில் தப்பே கிடையாது. அந்த வம்பைத் தீர்த்து வைப்பதும் தற்செயல் என்றால்தான் வாசகனுக்குக் கோபம் வரும். ஆள் மாறாட்டம் வேறு விஷயம். இரண்டு வீரர்கள் சந்திக்கும் கதைக்கு அது அடித்தளம் மாதிரி. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு பெரிய வீரர்களை ஒரே புத்தகத்தில் போட்டால் வாசகன் முதலில் எதைக் கேட்பான்? "ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா யார் ஜெயிப்பா?" அதற்குத்தான் காசு கொடுத்து வாங்குகிறான். ஆகவே சண்டை வந்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டு பேருமே நல்லவர்கள். நல்லவன் நல்லவனை அடிக்கக் காரணம் வேண்டும், அந்தக் காரணத்தால் யார் பேரும் கெடக்கூடாது. போதாததற்கு இரண்டு பேரும் வேறு வேறு நிறுவனத்தின் சொத்து. எந்த நிறுவனம் தன் ஆளைத் தோற்க விடும்? யாரும் தோற்காத, யார் மேலும் குற்றம் இல்லாத ஒரு சண்டைக்கு 'ஆளைத் தப்பாக நினைத்துவிட்டேன்' என்பதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1976-இல் டிசி, மார்வெல் என்ற இரண்டு அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட சூப்பர்மேன்-ஸ்பைடர்மேன் புத்தகத்தையே எடுத்துக்கொள். எழுதியவர் ஜெர்ரி கான்வே, வரைந்தவர் ராஸ் ஆண்ட்ரூ. நியூயார்க்கில் ஒரு செய்தி மாநாடு. கிளார்க் கென்ட்டும், அதாவது சாதாரண உடையில் இருக்கும் சூப்பர்மேனும், அவன் தோழி லோயிஸ் லேனும் வந்திருக்கிறார்கள். பீட்டர் பார்க்கரும், அதாவது முகமூடி இல்லாத ஸ்பைடர்மேனும், அவன் தோழி மேரி ஜேனும் வந்திருக்கிறார்கள். திடீரென்று சூப்பர்மேன் உடையில் ஒருவன் தோன்றி, இரண்டு பெண்களையும் ஒரு கதிரால் மறையச் செய்துவிட்டுப் போகிறான். அது வேஷம் போட்ட லெக்ஸ் லூதர், சூப்பர்மேனின் எதிரி. கிளார்க் ஒரு பக்கம் உடை மாற்ற ஓடுகிறான், பீட்டர் இன்னொரு பக்கம் ஓடுகிறான். ஸ்பைடர்மேன் முகமூடியோடு வந்து பார்த்தால் எதிரே சூப்பர்மேன் நிற்கிறான். பெண்ணைக் கடத்தியவன் இவன்தானே! கை ஓங்காமல் என்ன செய்வான்?

அதோடு விடவில்லை. சூப்பர்மேன் பலத்துக்கு முன்னால் ஸ்பைடர்மேன் எம்மாத்திரம்? அதனால் லூதர் ஒளிந்திருந்து சிவப்புச் சூரியனின் கதிர்வீச்சை ஸ்பைடர்மேன் மேல் பாய்ச்சுகிறான். அந்தக் கதிர் சூப்பர்மேனின் சக்திக்கு எதிரானது என்பது உனக்கே தெரியும். இப்போது அடி உறைக்கிறது. கோபம் தலைக்கேறிய சூப்பர்மேன் முழு பலத்தோடு ஒரு குத்து விடப் போய், இது ஆளையே கொன்றுவிடும் என்று கடைசி நொடியில் கையை நிறுத்திக்கொள்கிறான். நிறுத்திய குத்தின் காற்று மட்டுமே ஸ்பைடர்மேனைத் தூக்கி எறிந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் கதிர்வீச்சு வடிந்துபோக, ஸ்பைடர்மேன் குத்துகிறான், குத்துகிறான், கைதான் வலிக்கிறது. சூப்பர்மேன் அசையாமல் நிற்கிறான். அப்புறம்தான் பேச்சு. நான் இந்தப் பக்கங்களை எத்தனையோ முறை படித்துவிட்டேன். நிறுத்திய கையில்தான் சூப்பர்மேன் யார் என்பது இருக்கிறது. விடாமல் குத்துவதில்தான் ஸ்பைடர்மேன் யார் என்பது இருக்கிறது. ஆள் மாறாட்டம் இல்லாவிட்டால் இந்த இரண்டு படங்களும் நமக்குக் கிடைத்திருக்காது.

இன்னொரு காரணம் உடை. அதைச் சொல்ல எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பாவிடம் ஒரு மழைக்கோட்டு இருந்தது. மஞ்சள் நிறம், முதுகில் அம்மா தைத்துப் போட்ட நீல ஒட்டு. ஒரு மார்கழி, வாடைக் காற்று வடகடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலை கரையில் நின்ற அம்மாவுக்குத் தூரத்தில் வந்த வல்லத்தில் மஞ்சள் தெரிந்தது, திரும்பியபோது நீல ஒட்டும் தெரிந்தது. அவ்வளவுதான், அம்மா வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டாள். வல்லம் கரை சேர்ந்தது, அப்பா அதில் இல்லை. குளிரில் நடுங்கிய பக்கத்து வல்லத்துப் பையனுக்குக் கோட்டைக் கொடுத்துவிட்டு அவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். அந்த இரண்டு மணி நேரம் அம்மா அடுப்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்பா வந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "உடுப்ப மாத்திக் குடுக்காதீக." அதற்குப் பிறகு சாயங்காலம் வரை பேசவில்லை.

தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உடைதான் ஆள். முகமூடி வீரனுக்கோ பக்கத்தில் நின்றாலும் உடைதான் ஆள். சூப்பர்மேன் யார் என்று ஸ்பைடர்மேனுக்கு எப்படித் தெரியும்? நீல உடை, சிவப்பு மேலங்கி, நெஞ்சில் ஓர் எழுத்து. அதை யார் போட்டுக்கொண்டாலும் சூப்பர்மேன்தான். இந்தப் பலவீனத்தை எழுத்தாளர்கள் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். 1963-இல் ஸ்பைடர்மேனின் சொந்த இதழ் தொடங்கியபோது, முதல் இதழிலேயே கமீலியன் என்ற வேஷக்காரன் ஸ்பைடர்மேன் உடையில் போய்த் திருடுகிறான், பழி ஸ்பைடர்மேன் மேல் விழுகிறது. அதே இதழில்தான் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவோடு அவன் முதல் சந்திப்பும் நடக்கிறது. ஒரே புத்தகத்தில் சந்திப்பும் உண்டு, மாறாட்டமும் உண்டு.

கோட்டோவியம் என்பதும் இதற்குத் தோதானது. சினிமாவில் இரட்டை வேடம் என்றால் ஒரே நடிகர் இரண்டு தரம் நடிக்க வேண்டும், தந்திரக் காட்சி எடுக்க வேண்டும். காமிக்ஸில் முகம் என்பதே நாலைந்து கோடுதான். ஆர்ச்சி கதைகளில் அவன் தோழிகளான பெட்டி, வெரோனிகா இருவருக்கும் முகம் ஒன்றே, கூந்தல் மட்டும் வேறு. கையால் கூந்தலை மறைத்துப் பார், யார் எவர் என்று சொல்ல முடியாது. ஆர்ச்சி என்றால் சிவப்பு முடி, கன்னத்துப் புள்ளிகள், காதுக்கு மேலே கட்டம் போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமான கோடுகள். இத்தனையும் இன்னொருவனுக்கு இருந்தால் வரைந்த உலகத்தில் அவனும் ஆர்ச்சிதான். நீ 'அதெப்படி அப்படியே ஒரே மூஞ்சி' என்று கேட்டாயே, அந்த உலகத்தில் அது நம்பத் தகுந்த விஷயம்.

ஆர்ச்சி என்ற பெயரைச் சொன்னதும் எனக்கு வேறு ஒரு மாறாட்டம் நினைவுக்கு வருகிறது. எங்கள் வயதுக்காரர்களுக்கு ஆர்ச்சி என்றால் இரும்பு மனிதன், இயந்திரம். லயன் காமிக்ஸில் வந்த ரோபோ. மெட்ராசுக்குப் போன மாமாவிடம் பழைய புத்தகக் கடையில் 'ஆர்ச்சி' வாங்கி வரச் சொன்னேன். அவர் கொண்டுவந்த புத்தகத்தில் சிவப்பு முடிப் பையன் ஒருவன் இரண்டு பெண்களுக்கு நடுவில் நின்று இளித்துக்கொண்டிருந்தான். ரோபோவைக் காணோம். அன்றைக்கு அழுதேன். அப்புறம் வேறு வழியில்லாமல் படித்தேன், ரிவர்டேல் என்ற ஊரே எனக்கு அப்படித்தான் பழக்கமானது. தமிழ் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்க் குழப்பம் புதிதில்லை. ஸ்பைடர் வேறு, ஸ்பைடர்மேன் வேறு. ஸ்பைடர் பிரிட்டனில் 1965-இல் பிறந்த குற்றச் சக்கரவர்த்தி. பிறகு நல்லவன் ஆனவன். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே அவன் கதைகளை எழுதியிருக்கிறார். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு, ராணி காமிக்ஸின் மாயாவி வேறு. அந்த ராணி காமிக்ஸ் மாயாவியேதான் இன்னொரு இடத்தில் வேதாளர்! அந்த வேதாளரின் கதையே ஒரு பெரிய ஆள் மாறாட்டம்தான். அப்பனுக்குப் பின் மகன் என்று 21 தலைமுறை அதே முகமூடியைப் போட்டுக்கொள்ள, காட்டு மக்கள் சாவே இல்லாத ஒரே மனிதன் என்று நம்புகிறார்கள்.

சரி, பனிஷருக்கு வருவோம். அந்தப் புத்தகம் 1994-இல் வந்தது. கதை பேட்டன் லாஷ். மார்வெல் ஓர் அட்டையோடும் ஆர்ச்சி நிறுவனம் இன்னோர் அட்டையோடும் வெளியிட்டன. நீ கதையை மட்டும் பார்த்தாய், படங்களை இன்னொரு தரம் பார். பனிஷரை வரைந்தவர் ஜான் புஷேமா, ஆர்ச்சி கூட்டத்தை வரைந்தவர் ஸ்டான் கோல்ட்பர்க். ஒரே கட்டத்துக்குள் இரண்டு கை வேலை செய்திருக்கிறது. பனிஷரின், அதாவது ஃபிராங்க் காஸலின் முகத்தில் நிழலும் சுருக்கமும் எலும்பும் தெரியும். பக்கத்தில் நிற்கும் ஆர்ச்சியின் கன்னம் பலூன் மாதிரி வழவழவென்று இருக்கும். ஒருவன் குடும்பத்தைப் பறிகொடுத்துவிட்டுத் துப்பாக்கியோடு திரிகிறவன். இன்னொருவன் இன்று சாயங்காலம் எந்தப் பெண்ணோடு போவது என்பதைத் தாண்டிக் கவலையே அறியாதவன். இந்த இரண்டு பேரையும் எந்த 'இயல்பான' காரணம் ஒன்று சேர்க்கும்? எதுவும் சேர்க்காது. நம்பவே முடியாத தற்செயல்தான் இங்கே நியாயமான ஒரே வழி. அதை எழுத்தாளர் முதலிலேயே மேசைமேல் வைத்துவிடுகிறார், ஒளித்து வைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பனிஷர் பிறந்ததே ஆள் மாறாட்டத்தில்தான். 1974 பிப்ரவரியில் ஸ்பைடர்மேனின் 129-ஆவது இதழில் முதன்முதலாக வரும்போது, ஸ்பைடர்மேனைக் கொலைகாரன் என்று நம்பி வேட்டையாட வருகிறான். ஜாக்கல் என்ற வில்லன் அவனை அப்படி நம்ப வைத்திருக்கிறான். அந்த இதழை எழுதியவர் அதே ஜெர்ரி கான்வே, வரைந்தவர் அதே ராஸ் ஆண்ட்ரூ. இரண்டு வருடம் கழித்து சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் மோதவிட்ட அதே ஜோடி. தப்பான ஆளைக் குறிவைப்பது பனிஷருக்கு வெறும் கதைத் தந்திரம் இல்லை, அதுதான் அவனுடைய ஆபத்து. குறி தப்பாதவன், விசாரிக்காமல் சுடுகிறவன், அப்படிப்பட்டவன் ஆளைத் தப்பாக எடுத்துக்கொண்டால்? அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடப் பையன் முகத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதனால்தான் சிரிப்புப் புத்தகமாக இருந்தும் சில பக்கங்களில் எனக்கு நெஞ்சு பதறியது.

இனி தற்செயல். நல்ல தற்செயலுக்கு நான் காட்டும் உதாரணம் 1952-இல் வந்த சூப்பர்மேன் 76-ஆவது இதழ். பேட்மேனும் சூப்பர்மேனும் ஒருவர் ரகசியத்தை மற்றவர் அறிந்துகொள்ளும் கதை. கிளார்க் கென்ட்டும், பேட்மேனின் நிஜ உருவமான புரூஸ் வெய்னும் விடுமுறைக்குக் கப்பல் ஏறுகிறார்கள். கப்பலில் இடம் இல்லை, இருவரையும் ஒரே அறையில் போட்டுவிடுகிறார்கள். ராத்திரி துறையில் தீ. இருட்டில் இருவரும் அவரவர் பக்கம் திரும்பிக்கொண்டு அவசரமாக உடை மாற்றுகிறார்கள். வட்ட ஜன்னல் வழியே தீயின் வெளிச்சம் உள்ளே அடிக்கிறது. பார்த்தால் இந்தப் பக்கம் பாதி சூப்பர்மேன், அந்தப் பக்கம் பாதி பேட்மேன்!

எத்தனை தற்செயல் பார். ஒரே கப்பல், ஒரே அறை, ஒரே நேரத்தில் தீ. இருந்தும் எனக்குத் துளிகூட உறுத்தவில்லை. ஏனென்றால் அந்த வெளிச்சம் அவர்களுக்கு உதவி செய்யவில்லை, சிக்கலைத்தான் கூட்டியது. அதே கப்பலில் லோயிஸ் லேனும் இருக்கிறாள், இனி இரண்டு ரகசியத்தையும் இரண்டு பேரும் சேர்ந்து காக்க வேண்டும். இடம் தேர்ந்ததும் சாமர்த்தியம். கப்பலில் ஏறிவிட்டால் இறங்கி ஓட முடியாது. நம் ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1963-இல் அவெஞ்சர்ஸ் முதல் இதழும் இப்படித்தான். லோகி என்ற வில்லன் வீரன் தோரை வம்புக்கு இழுக்க, ரயில் பாலம் ஒன்றை ஹல்க் என்ற பச்சை ராட்சதன் உடைத்துவிட்டான் என்று ஊரை நம்ப வைக்கிறான். ஹல்க்கின் நண்பன் ரிக் ஜோன்ஸ் ரேடியோவில் ஃபென்டாஸ்டிக் ஃபோரைக் கூப்பிட, லோகி அந்த அலையைத் தோர் பக்கம் திருப்பிவிடுகிறான். ஆனால் அயர்ன் மேன், ஆன்ட்-மேன், வாஸ்ப் என்ற மற்ற வீரர்கள் காதிலும் அது விழுந்துவிடுகிறது. வில்லன் போட்ட கணக்கே தற்செயலால் தப்பி, அதிலிருந்து ஒரு குழு பிறக்கிறது.

மோசமான தற்செயலும் ஒன்று சொல்ல வேண்டும். 2016-இல் வந்த பேட்மேன்-சூப்பர்மேன் படத்தை நீ பார்த்திருப்பாய். பேட்மேன் ஈட்டியோடு நிற்க, சூப்பர்மேன் வாயிலிருந்து 'மார்த்தா' என்ற பெயர் வருகிறது. பேட்மேனின் அம்மா பெயரும் மார்த்தா. சண்டை நின்றுவிடுகிறது. எதிரிக்கும் ஒரு தாய் உண்டு, அவனும் மனிதன் என்று பேட்மேன் உணர்வது நல்ல எண்ணம்தான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உணர்வைக் கொண்டுவந்தது பெயர்ப் பொருத்தம். அவள் பெயர் வேறாக இருந்தால் ஈட்டி இறங்கியிருக்குமா என்ற கேள்வி வந்துவிட்டது, வந்தபின் போகாது.

இதையெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததாக நினைக்காதே. சிலப்பதிகாரத்தை நினைத்துப் பார். கோவலன் மதுரைத் தெருவில் சிலம்பு விற்கப் போகிறான். எதிரே ஒரு பொற்கொல்லன். அத்தனை பெரிய ஊரில், அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருக்கும் அதே ஆள்! அதைவிடப் பெரிய தற்செயல் உண்டா? இளங்கோ அதை ஊழ் என்கிறார். பொற்கொல்லன் கையில் வந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு கோவலனைக் கள்வனாக்குகிறான். லூதர் செய்த வேலையும் லோகி செய்த வேலையும் இதுதான். வம்பு தற்செயலில் தொடங்கி, ஒருவனுடைய வஞ்சத்தால் வளர்கிறது.

தீர்வு எப்படி வருகிறது என்று பார். கண்ணகி அரசவையில் நிற்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். பாண்டியன் சிலம்பில் முத்து இருப்பதில் ஆச்சரியம் இல்லை, மன்னார் வளைகுடா அவன் கடல். பிற்காலத்தில் நம் கீழக்கரைக்காரர்கள் பேர்வாங்கியதும் அதே முத்தில்தான். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. வெளியே பார்க்க இரண்டு சிலம்பும் ஒன்று. உள்ளே இருப்பதுதான் வேறு. அதை வெளியே கொண்டுவந்தது அதிர்ஷ்டம் இல்லை, ஒரு பெண் கேட்ட கேள்வியும் அவள் கையும். சூப்பர்மேன் நிறுத்திய குத்தை நான் ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசினேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அங்கே உடைந்து தெரிந்த பரல் அது.

இப்போது உன் பாம்பன் கதை. வடகடல் வீரன் ஒருவன், தென்கடல் வீரன் ஒருவன் என்று சொன்னாய். நல்ல யோசனை. இருவரையும் சந்திக்க வைக்க நீ எங்கேயும் அலைய வேண்டாம். தூக்குப் பாலம் இருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாலத்தை வைத்து எழுதினாலும் சரி, 2025-இல் திறந்த புதியதை வைத்து எழுதினாலும் சரி. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே எழும்பும், பார்க்கவே படம் வரையத் தோன்றும். பாலம் திறக்கும் வரை இரண்டு பக்கமும் கலங்கள் காத்துக் கிடக்கும், யாராக இருந்தாலும். அதுதான் உன்னுடைய கப்பல் அறை. ஒருநாள் ராத்திரி இரண்டு பேரும் அங்கே மாட்டிக்கொள்ளட்டும். அந்த ஒரு தற்செயலுக்கு உனக்கு முழு உரிமை உண்டு.

மாறாட்டத்துக்கு முகமூடியைத் தேடாதே. நம் கரையில் ஆளை எப்படி அடையாளம் காண்கிறோமோ அதையே எடு. எஞ்சின் சத்தம், விளக்கு இருக்கும் உயரம், படகின் நிறம், கோட்டு. ஒருவனுடைய எஞ்சினை இன்னொருவன் வாங்கிப் பூட்டியிருந்தால் போதும், இருட்டில் சத்தத்தை நம்பி வந்தவன் தப்பான படகில் குதித்துவிடுவான்.

தீர்வில் மட்டும் கவனமாக இரு. புயலை வரவழைத்து இருவரையும் ஒன்று சேர்க்கப் போகிறேன் என்றாயே, அது வேண்டாம். புயல் முதல் பக்கத்தில் வரட்டும், கடைசிப் பக்கத்தில் வரக்கூடாது. நீ வலை கட்டுகிறவன். முடிச்சைப் பார்த்தே இது யார் கை என்று உன் அப்பா சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். சண்டைக்கு நடுவில் ஒருவன் வலையை அறுக்கக் கத்தியை எடுக்கிறான், விரலில் முடிச்சு தட்டுப்படுகிறது, கத்தி நின்றுவிடுகிறது. அந்த முடிச்சு யாருடையது, அவனுக்கு அது எப்படித் தெரியும் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும், அதற்கான விதையை மூன்றாம் பக்கத்திலேயே போட்டு வை.

தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது. படகு இறங்கிவிட்டால் உன்னைப் பிடிக்க முடியாது. அதற்குள் முதல் ஆறு பக்கத்தைப் பென்சிலில் போட்டு எடுத்துக்கொண்டு வா. பனிஷர் புத்தகத்தையும் கையோடு கொண்டு வா, அட்டை கிழியாமல்.